ஆளும் கிடைக்கவில்லை, சம்பளமும் கூட்ட முடியாது

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு வட்டாரத்தில் வேலை கொடுப்பவர் ஒரே ஒருவர் என்றால் சம்பளமும் குறையும், வேலையில் இருப்போர் எண்ணிக்கையும் குறையும் என்று பாடநூலில் படித்திருக்கிறீர்கள். சம்பளம் குறைவது விளங்குகிறது, எண்ணிக்கை ஏன் குறைய வேண்டும் என்று கேட்கிறீர்கள். மலிவாகக் கிடைக்கும் அரிசியை நாம் கூடுதலாக வாங்கிப் போடுவதுபோல, மலிவாகக் கிடைக்கும் ஆளையும் முதலாளி கூடுதலாக அல்லவா எடுப்பார்? இது முதற்கேள்வி. அப்படிப்பட்ட இடத்தில் அரசாங்கம் சட்டம் போட்டுச் சம்பளத்தை உயர்த்தினால் வேலை போகுமா, போகாதா என்பது இரண்டாவது. உங்களுக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவதற்கான பதில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் முதலாவதை அவிழ்க்காமல் இரண்டாவதற்குப் போனால் பதில் வெறும் கட்சிப் பேச்சாகிவிடும்.

நான் இருபத்தேழு ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன். இடையில் இரண்டு முறை, சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போன ஒரு தொழிற்சங்கக் குழுவின் பின்வரிசையில் கணக்குக் குறிப்புகளோடு உட்கார்ந்திருக்கிறேன். இதற்கெல்லாம் முன்பு, ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டம் தன் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன். ஆகவே என் எடுத்துக்காட்டுகள் இலங்கையின் மலையகத்திலிருந்து வரும். என் சாய்வும் அங்கிருந்தே வரும், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

முதலில் கணக்கு. ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் நாளுக்கு 1,000 ரூபாய்க்குக் கொழுந்து பறிக்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினோராவது ஆள் இருக்கிறார். ஆனால் அவர் 1,000 ரூபாய்க்கு வரமாட்டார். டவுனில் ஒரு கடையில் அவருக்கு ஏதோ கிடைக்கிறது, 1,050 கொடுத்தால் வருவார். அவருக்கு மட்டும் 1,050 கொடுக்கலாமே என்றால், கொடுக்க முடியாது. காலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள். ஒருவருடைய சம்பளம் மற்றவருக்குத் தெரியாமல் இருக்காது. புதியவருக்கு 1,050 என்றால் பத்துப் பேருக்கும் 1,050தான். முன்பு ஒரு நாள் கூலிச்செலவு 10,000 ரூபாய். இப்போது பதினொரு பேருக்கு 11,550. ஆக, பதினோராவது ஆள் தன் கையில் வாங்குவது 1,050 ரூபாயாக இருந்தாலும், தோட்டத்துக்கு அவரால் வரும் செலவு 1,550. அவர் பறிக்கும் கொழுந்தால் வரும் வருவாய் 1,400 ரூபாய் என்றால், கணக்கப்பிள்ளை அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். 1,050 ரூபாய்க்கு வேலை செய்யத் தயாரான ஒருவரும், 1,400 ரூபாய் பெறுமதியான வேலையும் ஒரே மலையில் இருந்தும் இரண்டும் சந்திக்கவில்லை.

உங்கள் முதற்கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது. அரிசிக் கடையில் நாம் எத்தனை கிலோ வாங்கினாலும் விலை ஏறுவதில்லை. ஊரின் பெரிய முதலாளிக்கோ இன்னோர் ஆளை எடுப்பது என்றாலே எல்லாருடைய விலையும் ஏறுகிறது. அதனால் அவர் ஆள் எண்ணிக்கையைக் குறைத்தே வைத்துக்கொள்கிறார். குறைவாக எடுப்பதால்தான் சம்பளமும் குறைவாக நிற்கிறது. இரண்டும் ஒரே முடிவின் இரு பக்கங்கள்.

இப்போது சட்டம் வந்து, யாருக்கும் 1,050 ரூபாய்க்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது. பத்துப் பேருக்கும் எப்படியும் 1,050 கொடுத்தாக வேண்டும். பதினோராவது ஆளால் வரும் கூடுதல் செலவு இப்போது வெறும் 1,050. அவர் கொண்டுவருவது 1,400. அவரை எடுத்துக்கொள்வார்கள். சம்பளமும் ஏறியது, ஆளும் கூடியது. இது மாயமில்லை, கூட்டல் கழித்தல்தான். ஆனால் அதே சட்டம் 1,500 என்று எழுதியிருந்தால், 1,500 ரூபாய்க்குக் குறைவாக ஈட்டித் தருபவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வெளியே போவார்கள். எல்லைக்கு இப்பக்கம் ஒரு விளைவு, அப்பக்கம் நேரெதிர் விளைவு. "சம்பளத்தைக் கூட்டினால் வேலை போகும்" என்று பொதுவாகச் சொல்பவரும், "போகவே போகாது" என்று பொதுவாகச் சொல்பவரும் எல்லை எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் பேசுகிறார்கள்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள், பேச்சுவார்த்தை மேசையில் எனக்குப் பயன்பட்டது இதுதான். 1,050 ரூபாய்ச் சட்டத்தால் கம்பனிக்குப் பழைய பத்துப் பேரிடம் 500 ரூபாய் கூடுதல் செலவு. புதிய ஆளிடம் 350 ரூபாய் வரவு. நாளுக்கு 150 ரூபாய் நட்டம். வேலை கூடும் இடத்திலும் இலாபம் குறைகிறது. ஆகவே ஒரு கம்பனி சம்பள உயர்வைக் கடுமையாக எதிர்க்கிறது என்பதை வைத்து, வேலை போகப்போகிறது என்று முடிவு கட்ட முடியாது. எதிர்ப்புக்கு இலாபம் குறைவதே போதுமான காரணம். ஆள்குறைப்பு என்ற பேச்சு அதன்மேல் போர்த்திய துணியாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம்.

இந்தக் கணக்கைக் கோவையாக எழுதி வைத்தவர் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன், 1933இல். விற்பவர் ஒருவரே இருக்கும் சந்தைக்குப் பெயர் இருந்தது, வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தைக்கு இல்லை. ஹால்வர்ட் என்ற கிரேக்க லத்தீன் அறிஞரிடம் கேட்டுத்தான் மோனோப்சனி என்ற சொல்லை அவர் பெற்றார். தமிழில் தனிக்கொள்வனவாளர் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் மோனோப்சனி என்றே எழுதுவார்கள். சொல் புதிதே தவிர விஷயம் பழையது. முதலாளிகள் சம்பளத்தை உயர்த்தாமல் இருப்பதற்காக எங்கும் எப்போதும் ஓசையில்லாமல் கூட்டுச் சேர்ந்தே இருக்கிறார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதிவிட்டார்.

"ஒரே முதலாளி" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறு வரும். எண்ணிக்கை ஒன்றா, ஐந்தா என்பது அவ்வளவு முக்கியமில்லை. சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்தால் எத்தனை பேர் விட்டுப்போவார்கள் என்பதுதான் முக்கியம். நூற்றுக்கு ஒரு வீதம் குறைத்தால் நாளடைவில் நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே போவார்கள் என்றால், முதலாளிக்கு அதிக இலாபம் தரும் சம்பளம், கடைசி ஆள் ஈட்டித் தருவதில் மூன்றில் இரண்டு பங்குதான். நூற்றுக்குப் பத்துப் பேர் போவார்கள் என்றால் அது பதினொன்றில் பத்துப் பங்காகிவிடும். ஆகவே பார்க்க வேண்டியது முதலாளிகளின் தலைக்கணக்கை அல்ல. தொழிலாளி கதவைத் திறந்து வெளியே போவது எவ்வளவு கடினம் என்பதை. மலையகத்தின் வரலாற்றை நான் படிப்பது இந்தக் கண்ணோடுதான். அங்கே முதலாளிகள் எப்போதும் பலர். கதவு மட்டும் பல வகையில் சாத்தப்பட்டே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிவந்தார். அந்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன, ஆளுக்குத் தட்டுப்பாடும் இருந்தது. பாடநூல்படி தோட்டங்கள் போட்டி போட்டுக் கூலி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. காரணம் துண்டு. ஒரு கங்காணியின் கீழிருந்த ஆட்கள் வேறு தோட்டம் போக வேண்டுமென்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறோம் என்று பழைய துரை, அதாவது பழைய தோட்டத்தின் நிர்வாகி, எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கட்டிய தொகை புதிய கடனாகத் தொழிலாளியின் பெயரில் விழும். கங்காணிக்குக் கூடுதலாக முன்பணம் கொடுத்து ஆட்களை இழுக்கும் தோட்டங்களும் இருந்தன. அதாவது போட்டி இருந்தது. ஆனால் அந்தப் போட்டி தொழிலாளியின் கூலியை உயர்த்தாமல் கடனை உயர்த்தியது. இவ்வளவு வக்கிரமான தொழிலாளர் சந்தையை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

தோட்டத்துரைமார் தங்களுக்குள் ஆள்பிடிப்புப் போட்டி வேண்டாம் என்று நினைத்ததற்கும் சான்று உண்டு. 1904இல் அவர்களுடைய சங்கம் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் என்ற அமைப்பை உருவாக்கித் திருச்சிராப்பள்ளியில் அதன் தலைமையகத்தை வைத்தது. பல வாங்குவோர் ஒரு வாசல் வழியாக வாங்கினால், கணக்குக்கு அது ஒரே வாங்குவோர்தான்.

பிறகு 1948. சுதந்திரம் வந்த அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இதை அரசியல் அநீதியாக எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். சம்பளத்தோடு அதற்குள்ள தொடர்பை மிகச் சிலரே பேசுகிறார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க வேலை இல்லை, அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தில் காணி இல்லை. தோட்டத்தை விட்டால் போக்கிடமில்லாத மக்கள்தொகை ஒன்றைச் சட்டமே உருவாக்கிக் கொடுத்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சியவர்களில் எல்லோருக்கும் குடியுரிமை வர 2003இன் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகி, இரண்டு அரச நிறுவனங்களின் கீழ் வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. அரசு என்ற ஒரு முதலாளி இருபத்திரண்டாகப் பிரிந்ததால் தொழிலாளிக்காகப் போட்டி வந்ததா? வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளிமார் சம்மேளனம் கம்பனிகள் சார்பாக உட்கார்ந்து, சங்கங்களோடு ஒரே சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டது. நல்ல மலை, கெட்ட மலை, இலாபத் தோட்டம், நட்டத் தோட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே நாட்சம்பளம். சங்கங்களும் இதைத்தான் விரும்பின, அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. ஆனால் ஒரு தோட்டம் நல்ல சம்பளம் கொடுத்துப் பக்கத்துத் தோட்டத்து ஆளை இழுக்கும் வழி அங்கே அடைபட்டது.

எல்லாவற்றையும்விட வலிய பூட்டு லயம். என் மாமா ஒருவருக்கு, நான் சிறுவனாக இருந்தபோது, கண்டியில் ஒரு கட்டடக் குத்தகைக்காரரிடம் வேலை கிடைத்தது. தோட்டத்தில் வாங்கியதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அவர் போகவில்லை. வீட்டில் தோட்டத்துக்குப் பேர் போடும், அதாவது நாள்வேலைக்குப் பதியும், ஆள் இல்லாமல் போனால் லயத்து அறையான காம்பிராவைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற பயம். கேட்டார்களா என்றால், எங்கள் தோட்டத்தில் அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பம் ஒன்றோ இரண்டோதான். ஆனால் ஒன்றிரண்டு போதும், நூறு குடும்பங்களுக்கு அது பாடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் வாடகையை யாரும் சம்பளச் சீட்டில் கழித்ததில்லை; அது வேறு வழியில் கழிக்கப்பட்டது. மாமாவின் கணக்கில், கண்டிச் சம்பளத்திலிருந்து கண்டியில் ஒரு வீட்டு வாடகையையும், லயத்தில் இருந்த பாட்டியையும், வாசலில் போட்ட மரக்கறிப் பாத்தியையும் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும் இடத்தில் சம்பளத்தைச் சந்தைச் சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாது.

பெண்களின் சம்பளம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ராபின்சன் தன் நூலிலேயே, ஆணும் பெண்ணும் ஒரே அளவு வேலை செய்தாலும் விட்டுப்போகும் வசதி குறைந்தவருக்கு முதலாளி குறைவாகக் கொடுப்பார் என்று காட்டியிருக்கிறார். 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுக்கு முதலில் குறித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைகளுக்கு 32 சதம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தோட்டத்தின் வருவாயே அவர்களுடைய விரல் நுனியில்தான் இருந்தது. 1984இல்தான் சமசம்பளம் வந்தது. அதற்குப் பிறகு கூலி ஏறியதால் பெண்களைக் கழித்துவிட்டு ஆண்களைக் கொழுந்துக்கு அனுப்பினார்களா? இல்லை. இன்றும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுபவர்கள் பெண்கள்தான். ஒரு சம்பளத்தைச் சட்டத்தால் உயர்த்தியும் அந்த ஆட்களின் வேலை போகாததற்கு என் கண்முன் நடந்த உதாரணம் இது. ஆராய்ச்சி முடிவென்று இதை நான் சொல்லவில்லை. ஒரு சாட்சி, அவ்வளவே.

உறுதியான ஆராய்ச்சி வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 1992 ஏப்ரல் 1ஆம் தேதி நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இருவர் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளில் உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆட்களை எண்ணினார்கள். நியூஜெர்சியில் வேலை குறைந்ததற்கு அடையாளமே இல்லை என்று 1994இல் எழுதினார்கள். பெரிய சண்டை மூண்டது. நியூமார்க், வாஷர் என்ற இருவர் கடைகளின் சம்பளப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்து, வேலை குறைந்ததாகவே தெரிகிறது என்றார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். இன்றைய நிலையை இப்படிச் சொல்லலாம்: அளவான உயர்வு வேலையைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. உயர்வால் வேலை கூடுகிறது என்பதற்குச் சான்று அந்த அளவுக்கு இல்லை. மேலே நான் போட்ட பதினோராவது ஆள் கணக்கு தர்க்கப்படி சரி. நடைமுறையில் அவர் எத்தனை இடங்களில் உண்மையிலேயே வேலைக்கு வருகிறார் என்பதில் பொருளியலாளரிடையே ஒருமித்த கருத்து கிடையாது.

ஒரு நகரத்தில் நூறு உணவுக் கடைகள் இருக்கும்போது அது எப்படித் தனிக்கொள்வனவாளர் கணக்காகும் என்று கேட்கலாம். ஆலன் மேனிங் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதற்குத் தரும் விளக்கம் எனக்குப் பிடித்தது: வேறு வேலை தேட நேரமும் பஸ் கட்டணமும் துணிச்சலும் வேண்டும், அதனால் நூறு கடைகள் இருந்தும் ஒவ்வொரு கடைக்காரரும் தன் ஆள்மேல் கொஞ்சம் பிடி வைத்திருக்கிறார். லயம் என்பது அந்தப் பிடியின் இரும்பு வடிவம்.

சரி, மலையகத்திலேயே ஒரு பெரிய சோதனை நடந்ததே, அதன் முடிவு என்ன? 2019 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே 1,000 ரூபாய்க் கோரிக்கை ஒலித்துக்கொண்டிருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபாய்ச் சம்பளமும் 100 ரூபாய்ப் படியும் அரசிதழான வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. வேலை குறைந்ததா? இதற்கு நேர்மையான பதில், அந்தச் சோதனையைப் படிக்க முடியாதபடி மற்றெல்லாமும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டது என்பதுதான். அதே 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதித் தடை வந்தது. அடுத்த ஆண்டு நாடே கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தானது. ஏறக்குறைய 30 கோடிக் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக் கிலோவுக்கு விழுந்தது. டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. பணவீக்கம் 2022 செப்டெம்பரில் எழுபது வீதத்தைத் தொட்டபோது, அந்த 1,000 ரூபாய் பழைய 700 ரூபாய்க்குக்கூட ஈடாக நிற்கவில்லை. இதற்கு நடுவில் சம்பள உயர்வின் விளைவை மட்டும் தனியே பிரித்தெடுத்துச் சொல்பவரை நம்பாதீர்கள், அவர் கம்பனிப் பக்கமானாலும் சங்கப் பக்கமானாலும்.

பிரித்துச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. சம்பளத்தைச் சட்டம் கட்டினால், கட்டாத இடத்தின் வழியாக முதலாளி வெளியேறுவார். நாட்சம்பளத்துக்குக் குறித்த கிலோவைப் பல தோட்டங்கள் உயர்த்தின. குறித்த அளவு பறிக்காதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பேர் கொடுக்கும், அதாவது வேலை கொடுக்கும், நாட்களும் சில இடங்களில் குறைந்தன. முழுப்பேருக்குப் பதிலாகப் பறித்த கிலோவுக்குக் கைக்காசு என்று மாற்றினார்கள். 16 கிலோவுக்கு 700 ரூபாய் இருந்த இடத்தில் 1,000 ரூபாயோடு 20 கிலோ கேட்டால், நாட்சம்பளம் நாற்பத்து மூன்று வீதம் ஏறியதுபோலத் தெரியும். கிலோவுக்குப் பார்த்தால் 43 ரூபாய் 75 சதம் 50 ரூபாயாகியிருக்கிறது, பதினான்கு வீதம். பத்திரிகையில் வந்தது முதற்கணக்கு, என் அக்காவின் கூடையில் விழுந்தது இரண்டாவது. வேலைவாய்ப்பு என்றால் தலைகளை மட்டும் எண்ணுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும், மாதத்தில் பன்னிரண்டு நாள் பேர்தான் விழுந்திருக்கும்.

கம்பனிகளின் வாதத்தையும் வைத்துவிட வேண்டும், அதில் பொய் மட்டும் இல்லை. தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்கிறது. கூலி ஏறியது என்பதற்காக எகிப்திலோ ஈராக்கிலோ யாரும் கூடுதல் விலை கொடுக்கமாட்டார்கள். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலி. பல மலைகளில் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து விதைச்செடிகள். அவற்றில் எவ்வளவு கைவேகம் இருந்தாலும் கொழுந்து கிடைக்காது. அப்படிப்பட்ட மலையில் கடைசி ஆள் கொண்டுவரும் வருவாய் உண்மையிலேயே குறைவு, அங்கே உயர்வு எல்லையைத் தாண்டிவிடும், மலை காடாகும். ஆயினும் செடி ஏன் பழையது என்று ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கூலி மலிவாகவும் ஆள் போக்கிடமின்றியும் இருந்த ஒரு நூற்றாண்டில், மறுநடுகைக்குச் செலவிடும் அவசரம் யாருக்கு வந்திருக்கும்? குறைந்த சம்பளத்துக்குக் குறைந்த விளைச்சல் காரணமா, குறைந்த விளைச்சலுக்குக் குறைந்த சம்பளம் காரணமா என்பதில் இரண்டு திசையிலும் உண்மை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அளந்து நிரூபிக்கக் கூடியதல்ல.

ஒற்றை முதலாளி ஊர் என்றாலே வறுமை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி ஊர்களில் வீடும் கடையும் கம்பனியுடையவை. அங்கே எல்லாம் அடிமைத்தனம் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பிரைஸ் ஃபிஷ்பேக் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் கணக்குகளைத் தோண்டிப் பார்த்து, சுரங்கத் தொழிலாளர் ஒரு கம்பனியை விட்டு இன்னொன்றுக்கு அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தார்கள், அந்த நடமாட்டமே கம்பனிகளை ஓரளவு கட்டுப்படுத்தியது என்றார். நெய்வேலியில் 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனம் அந்த ஊரின் பெருமுதலாளி. அதன் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்தை அந்த வட்டாரத்தில் பொறாமையோடு பார்ப்பார்கள். அதே வாசலில் நுழையும் ஒப்பந்தத் தொழிலாளியின் கதை வேறு. முதலாளி ஒருவரே, சம்பளம் இரண்டு: விதிகளும் சங்கமும் யாரைச் சுற்றி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

உங்கள் ஊரில் நிலைமை என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஓர் அடையாளம் சொல்கிறேன். ஒரே வாய் "ஆள் கிடைக்கவில்லை" என்றும் "சம்பளம் கூட்ட முடியாது" என்றும் சேர்த்துச் சொல்கிறதா என்று கவனியுங்கள். போட்டியுள்ள சந்தையில் ஆள் கிடைக்காதவர் கூட்டிக் கொடுப்பார், அல்லது ஆள் தேவையில்லை என்று சும்மா இருப்பார். ஆண்டுக்கணக்கில் காலியிடத்தையும் வைத்துக்கொண்டு, அதே சம்பளத்தையும் வைத்துக்கொண்டு புலம்புபவர், பதினோராவது ஆளுக்குக் கொடுத்தால் பத்துப் பேருக்கும் கொடுக்க வேண்டுமே என்று கணக்குப் போடுபவராக இருக்கும் சாத்தியம் அதிகம். இது முழுச்சான்று ஆகாது. முன்பு சொன்ன கிழச்செடி மலையிலும் இதே புலம்பல் கேட்கும். பக்கத்தில் வேறு வேலை வந்தபோது சம்பளம் ஏறியதா என்றும் பாருங்கள். புதிய ஆடைத் தொழிற்சாலையோ புதிய பஸ் பாதையோ வந்த ஆண்டில், ஆள் ஈட்டித் தருவது எதுவும் மாறாமலே சம்பளம் ஏறியிருந்தால், முன்பு கொடுத்திருக்கக் கூடியதைக் கொடுக்காமல் இருந்தார்கள் என்று பொருள்.

மலையகத்தில் கதவு இப்போது பாதி திறந்துதான் இருக்கிறது. பையன்கள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள், பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு. லயத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் பேர் போடுவதில்லை. கம்பனிகளின் பதிவேட்டில் உள்ள தொழிலாளர் எண்ணிக்கை 1992இல் இருந்ததில் பாதிக்கும் கீழே. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனபோதும் அந்தப் பையன்கள் யாரும் திரும்பி வரவில்லை. சில கம்பனிகள் இப்போது செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பங்கு பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக்கணக்கில் வாங்கிக்கொள்கின்றன. அதில் வருமானம் கூடுகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், எங்கள் தோட்டத்திலேயே இரண்டு குடும்பம் அப்படிச் சொல்கிறது. ஆனால் அந்தக் கொழுந்தை வாங்கும் தொழிற்சாலை அந்த மலையில் ஒன்றுதான். ஆகவே நான் மேலே போட்ட கணக்கை, சம்பளம் என்ற இடத்தில் கொழுந்து விலை என்று மாற்றி, மீண்டும் ஒருமுறை போட வேண்டியிருக்கும்.